சம்பந்தியைப் பார்த்து நான் கண்ணடிக்கவில்லை

கோபம் மனதில் வந்தால் மட்டும் போதாது. அதை வெளியே காட்ட ஒரு நெற்றி வேண்டும். நெற்றி ஒத்துழைக்காத கோபத்தை வீட்டுப் பூனைகூட மதிக்காது. பலருக்கும் தெரியாத இந்த உண்மையை நான் சொந்தச் செலவில் தெரிந்துகொண்டேன். (சிரிக்கறவங்க சிரிச்சுக்குங்க. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.)

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் நானும் என் கணவரும் ஒரு சின்ன பனியன் தையல் யூனிட் நடத்துகிறோம். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்து, பிசிறு எடுத்து, சரிபார்த்து அனுப்புவது எங்கள் வேலை. ஆர்டர் பிடிப்பதும் பேங்குக்கு அலைவதும் அவர் பொறுப்பு. ஆட்களைக் கட்டி மேய்ப்பது என் பொறுப்பு. எங்களிடம் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள் இருக்கிறார்கள், ஒடிசாக்காரர்கள் இருக்கிறார்கள், பீகார்க்காரர்கள் இருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் பொதுவான பாஷை, என் புருவங்களுக்கு நடுவே செங்குத்தாக விழும் இரண்டு கோடுகள்தான். நான் வாயைத் திறக்கவே வேண்டாம். கோடு விழுந்தால் போன் பேசுகிறவன் போனை வைப்பான், டீ குடிக்கிறவள் டம்ளரை வைப்பாள்.

அந்தக் கோடுகள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை, என் மகள் நிவேதாவுக்கு மாப்பிள்ளை அமையும்வரை.

மாப்பிள்ளை வீடு காங்கேயம். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிற குடும்பம். பெண் பார்க்க வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், எல்லோரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம், சந்தோஷமாகப் போனார்கள். மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா தனலட்சுமி எனக்கு போன் செய்தார். குரலில் அத்தனை தயக்கம்.

“ஏனுங்க, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே? உங்களுக்கு எங்க மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?”

“ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க. ஏனுங்க அப்படிக் கேக்கறீங்க?”

“போட்டோவப் பாத்தனுங்க. எல்லாரும் சிரிக்கறாங்க. நீங்க மட்டும் எங்களய அடிக்கப் போற மாதிரி நிக்கறீங்க.”

எனக்குச் சுரீர் என்றது. அந்த போட்டோ எடுத்தபோது எனக்கு யார்மேலும் கோபம் இல்லை. எதிர் ஜன்னலிலிருந்து வெயில் கண்ணில் அடித்தது, அவ்வளவுதான். என் வீட்டில் உட்கார்ந்து கேசரியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள் என் நெற்றியைப் பற்றிப் பேசுவதா?

மகளிடம் முறையிட்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“அம்மா, நீங்க தூங்கறப்பவே கோவமாத்தான் இருப்பீங்க” என்றாள்.

கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “எனக்குப் பழகிப்போச்சு அம்மிணி” என்றார்.

அன்றைக்கு நான் கண்ணாடி முன்னால் நின்ற நேரத்தில் ஒரு லாட் சட்டையை முடித்திருக்கலாம். என் போன் இதை எப்படி மோப்பம் பிடித்ததோ, சாயங்காலமே ‘புருவக் கோடுகளா? கவலையை விடுங்கள்!’ என்று ஒரு விளம்பரத்தைக் காட்டியது. திருப்பூரிலேயே, நான் தினமும் கடந்து போகிற ரோட்டிலேயே, புதிதாகத் திறந்திருந்த ஒரு அழகு கிளினிக். நிச்சயதார்த்தத்துக்குள் முகத்தைச் சரிசெய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் குளிர்ந்த காற்றும் மல்லிகை வாசனையும் வந்து மோதின. உள்ளே எல்லோரும் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார்கள். வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண் வெள்ளைக் கோட்டு, தண்ணீர் கொண்டுவந்தவர் வெள்ளைக் கோட்டு, தரை துடைத்தவர் மட்டும்தான் நீலம். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களெல்லாம் டாக்டர் என்று நான் எப்படி நினைத்தேனோ! அப்படிப் பார்த்தால் எங்கள் தெரு பேக்கரி மாஸ்டரிடமும் நான் நாடி பார்த்திருக்க வேண்டும்.

என்னை ஒரு பெரிய கண்ணாடிமுன் உட்காரவைத்து, சுற்றிலும் விளக்கைப் போட்டார்கள். எல்லோரும் ‘டாக்டர் மேடம்’ என்று கூப்பிட்ட ஒரு பெண் மாஸ்க்குடன் வந்தார். கோடுகளைப் பற்றி நான் சொல்லி முடிப்பதற்குள் கண்ணுக்குக் கீழே பை, மூக்கோரம் பள்ளம், தாடையில் தொய்வு, கழுத்தில் வளையம் என்று, இத்தனை வருஷம் எனக்கே தெரியாமல் நான் சுமந்து திரிந்த குறைகளையெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இரண்டு கோட்டோடு உள்ளே போனவள், இந்த முகத்தோடு எப்படி வெளியே போவது என்று கவலைப்பட ஆரம்பித்தேன்.

“மொதல்ல கோட்ட எடுத்துரலாம் மேடம். சின்ன ஊசிதான். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்.”

“ஏதாச்சும் ஆகுமுங்களா?”

“நடிகைங்க எல்லாம் போடறாங்க மேடம்.”

இந்த பதிலில் எனக்குப் பரம திருப்தி. நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகும் உறைக்கவில்லை. எலாஸ்டிக் வாங்கினால் இழுத்துப் பார்த்து, துவைத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்து வாங்குகிறவள் நான். நூல்கண்டு விற்க வருகிறவர் என் கேள்விக்குப் பயந்து என் கணவர் இருக்கும் நேரமாகப் பார்த்து வருவார். அப்பேர்ப்பட்டவள், என் சொந்த நெற்றிக்குள் போகிற மருந்தின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. எனக்கு வேறு ஏதாவது வியாதி உண்டா, மாத்திரை சாப்பிடுகிறேனா என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நெற்றியில் ஏழெட்டு இடத்தில் சுருக் சுருக்கென்று குத்தினார்கள். முடிந்ததும், “ஆடி ஆஃபர்ல உங்களுக்கு ஃபேஷியல் ஃப்ரீ மேடம்” என்று படுக்கவைத்து, குத்திய அதே நெற்றியைச் சப்பாத்தி மாவு மாதிரி அழுத்தித் தேய்த்துவிட்டார்கள். நானும் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். (நெனச்சா இப்பவும் பல்லைக் கடிக்கத் தோணுது.)

ஓரிரு நாளில் கோடுகள் மறைந்தன. நெற்றி இஸ்திரி போட்ட மாதிரி ஆனது. யாருக்கும் தெரியாமல் நானே என்னை மெச்சிக்கொண்டேன். பிறகு ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்தால், இடது கண்ணின் மேல் இமை பாதி ஷட்டர் இறக்கிய கடை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன், ஏறவில்லை.

என் கணவர் பதறிப்போனார். அவருடைய பெரியப்பாவுக்கு வாதம் வந்தபோது முகம் இப்படித்தான் இறங்கியதாம்.

“அம்மிணி, கையத் தூக்கு. இன்னொரு கையத் தூக்கு. சிரி பாக்கலாம்!”

இந்த நிலையில் என்னைச் சிரிக்கச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். வேறு வழியில்லாமல் ஊசி விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதுதான் இன்னும் மோசம். வண்டியை எடுத்து என்னை எங்கள் வழக்கமான டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் கையையும் காலையும் நாக்கையும் சோதித்துவிட்டு, இது வாதம் இல்லை, ஊசியின் வேலைதான், சீக்கிரம் ஒரு தோல் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். அவர் சொன்னபடி நேராகப் போயிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வந்திருந்த கோபத்துக்கு, முதலில் அந்தக் கிளினிக்கை ஒரு கை பார்க்காமல் எங்கேயும் போக முடியாது.

போகிற வழியில் யூனிட்டில் இறங்கினேன். அங்கே ஒரு ஒடிசாக்காரத் தையல்காரர் சின்ன சைஸ் சட்டைக்கெல்லாம் பெரிய சைஸ் லேபிளை வைத்துத் தைத்துத் தள்ளியிருந்தார். ஒரு கட்டு முழுக்க! நான் தமிழும் இந்தியும் கலந்து தொண்டை கிழியக் கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நெற்றி குளம் மாதிரி அமைதியாக இருக்கிறது, ஒரு கண் மூடி மூடித் திறக்கிறது. அவர் மலர்ந்து சிரித்துவிட்டு, பதிலுக்குத் தானும் ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, அடுத்த சட்டைக்கும் அதே லேபிளை வைத்தார்.

செக்கிங்கில் இருக்கும் ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. பக்கத்தில் வந்து, “என்னக்கா, இன்னைக்கு நல்ல சந்தோசமா இருக்கிய போல? நாளைக்கு எனக்கு லீவு வேணும்க்கா” என்றாள்.

அங்கிருந்து புயல் மாதிரி கிளினிக்குக்குள் நுழைந்தேன். புயல் என்று எனக்குத்தான் தெரியும். வரவேற்புப் பெண் எழுந்து நின்று கைதட்டாத குறை.

“ரிசல்ட் சூப்பரா வந்திருக்குங்க மேடம்! முகமே சாந்தமாயிருச்சு!”

“சாந்தமா? கண்ணப் பாரம்மா கண்ண! கண்ணு தெறக்க மாட்டேங்குது!”

“அது செட்டில் ஆகிட்டிருக்குதுங்க மேடம்.”

“எம்பட இமை என்ன புது ஊட்டு அஸ்திவாரமா, செட்டில் ஆகறதுக்கு? கூப்பிடு உங்க டாக்டர!”

மாஸ்க் மேடம் வந்தார். என் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை நான் இன்றுவரை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை.

“ஒண்ணும் பிரச்சன இல்ல மேடம். ரைட் சைடும் கொஞ்சம் போட்டுட்டா பேலன்ஸ் ஆயிரும். ரெண்டு கண்ணும் சமமாத் தெரியும்.”

அதாவது இறங்கிய கண்ணை ஏற்றமாட்டார்கள். நன்றாக இருக்கிற கண்ணையும் இறக்கிவிடுவார்களாம்! அப்போதுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என் வாயில் வந்தது.

“நீங்க என்ன படிச்சிருக்கறீங்க?”

“நான் சர்ட்டிஃபைடுங்க மேடம்.”

“எதுல?”

அவர் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். “மேக்கப்புலயும் ஸ்கின் கேர்லயும் கோர்ஸ் பண்ணியிருக்கறேன். டாக்டர் ஒருத்தர் மாசம் ஒருக்கா விசிட் வருவாருங்க.”

மணப்பெண்ணுக்குப் பவுடர் பூசக் கற்றுக்கொண்ட கையில் என் நெற்றியைக் கொடுத்துவிட்டு, ஃபேஷியலுக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். அந்த இடத்திலேயே நின்று, எனக்குத் தெரிந்த அத்தனை வசவையும் வரிசையாக எடுத்துவிட்டேன். மேஜையைத் தட்டினேன். போலீசுக்குப் போவேன் என்றேன். திரும்பிப் பார்த்தால், சோபாவில் காத்திருந்த ஒரு பெண் என்னையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீங்க இங்கதான் பண்ணுனீங்களா? இவ்வளவு சண்டை போடறீங்க, நெத்தியில ஒரு சுருக்கம் விழல பாருங்க!”

அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய், என் கண்ணைக் காட்டி, படிக்கட்டிலேயே நிற்கவைத்துப் புத்தி சொல்லி ஆட்டோ ஏற்றி அனுப்பினேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

மறுநாள் ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயதார்த்தம். கண்ணை என்ன செய்வது என்று வீடே கூடி யோசித்தது. “கூலிங் கிளாஸ் போட்டுக்க” என்றார் கணவர். நான் போவது மகளின் நிச்சயத்துக்கா, கட்சி மாநாட்டுக்கா என்று கேட்டேன். நிவேதா மெல்லிய டேப்பை வெட்டி இமைமேல் ஒட்டிப் பார்த்தாள். முழுசாகத் திறந்த அந்தக் கண், பேயைக் கண்ட மாதிரி முறைத்தது. பிய்த்து எறிந்துவிட்டேன். “அம்மா, முடிஞ்சவரைக்கும் யாரையும் நேராப் பாக்காதீங்க” என்று கெஞ்சினாள் மகள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. ஏதாவது ஏடாகூடமாகிச் சம்பந்தமே நின்றுவிட்டால்?

பெண்ணின் அம்மா வாசலில் நின்று எல்லோரையும் நேராகப் பார்த்துத்தானே வரவேற்க முடியும்? காரிலிருந்து முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் அப்பா கந்தசாமி. வெள்ளை வேட்டி, விபூதிப் பட்டை, அதிகம் பேசாத மனிதர். “வாங்க சம்பந்தி, வாங்க” என்று கும்பிட்டேன். இடது இமை தானாக இறங்கி, மெதுவாக ஏறி, மறுபடி இறங்கியது. மனிதர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. துண்டை எடுத்து மார்பை மூடிக்கொண்டு, தன் மனைவிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தனலட்சுமி என்னையும் பார்த்தார், தன் வீட்டுக்காரரையும் பார்த்தார்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. சபையில் கல்யாணத்தை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. திருப்பூரில்தான் வைக்க வேண்டும் என்று நானும் என் கணவரும் முன்பே தீர்மானித்திருந்தோம். எங்கள் சொந்தமும் தொழில் பழக்கமும் எல்லாம் இங்கேதான்.

கந்தசாமி தொண்டையைச் செருமி, தரையைப் பார்த்தபடி, “காங்கேயத்துலயே வெச்சுக்கலாமுன்னு எங்களுக்கு ஆசைங்க. சம்பந்தியம்மா என்ன சொல்றாங்களோ?” என்றார்.

“அப்படீங்களா?” என்றேன் நான். அந்த ‘அப்படீங்களா’வில் அனல் பறந்தது. பழைய நெற்றியாக இருந்திருந்தால், அந்த இரண்டு கோட்டைப் பார்த்தே அவர் பேச்சை மாற்றியிருப்பார். ஆனால் என் முகத்தில் கோயில் சிலையின் அமைதி. அவர் மெல்ல நிமிர்ந்து பார்த்த நேரம் பார்த்து, கூட்டத்துக்கு நடுவே, என் கண் ஒரு முறை நிதானமாகச் சிமிட்டியது.

அவர் முகம் தெளிந்தது. வாசலில் நடந்ததற்கும் சேர்த்து அவருக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது. “ஆச்சுங்க! சம்பந்தியம்மாவே கண்ணக் காட்டிட்டாங்க! வாசல்லயே ஜாடை சொல்லிட்டாங்க, எனக்குத்தான் புரியல. காங்கேயத்துலதானுங்க கல்யாணம்!” என்றார். சபை சிரித்து ஆமோதித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வெற்றிலை பாக்குத் தட்டு கை மாறிவிட்டது. என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. நான் எங்கேய்யா கண்ணைக் காட்டினேன்?

சாப்பாட்டுக்கு முன்னால் தனலட்சுமி என்னைத் தனியாக உள் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன்.

“ஏனுங்க, உங்க கண்ணுக்கு என்ன ஆச்சு?”

கோபமில்லை, பயம்தான் இருந்தது அந்தக் குரலில். எனக்கு அழுகை வந்துவிட்டது. (அழும்போதும் நெற்றி அசையல. அதையும் சொல்லணுமே.) போட்டோவிலிருந்து ஃபேஷியல் வரை ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தேன். “நீங்க போன்ல ஒரு வார்த்தை கேட்டீங்களே, அதனாலதானுங்க எல்லாம்” என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்தார். பக்கத்தில் இருந்த பாத்ரூமுக்குள் போய், துண்டை நனைத்து வந்து, என் எதிரிலேயே தன் முகத்துப் பவுடரைத் துடைத்தார். கன்னம் முழுக்கச் செக்கச்செவேல் என்றிருந்தது. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன.

“நெம்ப வருசமா ஒரு கிரீம் போடறனுங்க. கடையில கேட்டேன், வெளுக்குமுன்னு குடுத்தாங்க. மொதல்ல பளபளன்னு இருந்துச்சு. இப்ப போடாம உட்டா எரியுது, போட்டா இன்னும் செவக்குது. வெயில்ல நிக்க முடியல, அடுப்புகிட்ட நிக்க முடியல. ஊட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அன்னிக்கு நீங்க மொறச்சு நின்னதப் பாத்து, என்ற மூஞ்சி உங்களுக்குப் புடிக்கலயோன்னுதானுங்க போன் பண்ணிக் கேட்டேன்.”

நான் அவர் மூஞ்சியைப் பார்க்கவே இல்லை. என் கண்ணில் வெயில். அவர் கேட்டது என் மூஞ்சியைப் பற்றியே இல்லை. இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து, முதலில் அழுதோமா சிரித்தோமா என்று இப்போது நினைவில்லை. ஒரு வெள்ளைக்கோட்டுக்காரியையும் ஒரு மருந்துக்கடைக்காரனையும் சேர்த்துவைத்துத் திட்டினோம். என் கோபத்தை முகத்தைப் பார்க்காமலே புரிந்துகொண்ட முதல் ஆள் அவர்தான். “தனியா டாக்டர்கிட்டப் போக வெக்கமா இருந்துச்சுங்க” என்றார். “வாங்க, ரெண்டு பேரும் போலாம்” என்றேன்.

அந்த வாரமே கோயமுத்தூரில் முறையாகப் படித்த ஒரு தோல் டாக்டர் அம்மாவிடம் போனோம். அவர் என் கண்ணைச் சோதித்துவிட்டுக் கேட்டார்:

“யார் ஊசி போட்டாங்க?”

“தெரியலீங்க.”

“என்ன மருந்து? பாட்டிலைக் காட்டினாங்களா?”

“இல்லீங்க.”

“எவ்வளவு போட்டாங்க?”

“தெரியலீங்க.”

“போட்டதுக்கப்புறம் என்ன பண்ணினாங்க?”

“ஃபேஷியல் பண்ணுனாங்க. ஃப்ரீயா.”

டாக்டர் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, மருந்து போட்ட இடமும் அளவும் தப்பாக இருக்கலாம், உடனே தேய்த்ததில் பரவியும் இருக்கலாம் என்று விளக்கினார். இதை முறிக்க மாற்று ஊசி கிடையாது, மருந்தின் வேகம் குறையக் குறைய இமை தானே ஏறும் என்று சொல்லி, அதுவரைக்கும் ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். தனலட்சுமியின் கிரீமை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, உறையைப் பார்த்ததுமே, இதில் ஸ்டீராய்டு இருக்கிறது, இது அழகுக்குப் போடுகிற கிரீமே இல்லை என்றார். எப்படிப் படிப்படியாக நிறுத்துவது என்று சொல்லிக் கொடுத்தார்.

“அப்ப இந்த ஊசியே போடக்கூடாதுங்களா டாக்டர்?” என்று கேட்டேன்.

“யாரு அப்படிச் சொன்னா? தெரிஞ்சவங்க போட்டா பெரும்பாலும் பிரச்சன வராதும்மா. ஆனா வரலாம்னு முன்னாடியே சொல்லணும். கேட்டதுக்கப்புறம் வேணுமா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். இன்னொருத்தர் போன்ல கேட்டதுக்காக யாராச்சும் மூஞ்சியில குத்திக்குவாங்களா?”

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, இருவரும் சேர்ந்து கிளினிக்மேல் புகார் எழுதிக் கொடுத்தோம். விசாரணைக்கு ஆள் வந்ததும் கடையைப் பூட்டிவிட்டுக் காணாமல் போனார்கள். அப்பாடா என்று இருந்தோம். சில மாதம் கழித்து அதே ரோட்டில் போனால், அதே கண்ணாடிக் கதவு, வேறு பெயர்ப் பலகை. ‘முடி உதிர்வா? கவலையை விடுங்கள்!’ பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய்ச் சண்டை போடலாமா என்றிருந்தது. மறுபடி புகார் எழுதினேன். அந்தத் தடவை தனலட்சுமிதான் முதல் கையெழுத்து.

இமை மெல்ல மெல்ல ஏறி, கல்யாணத்துக்குள் கண் முக்கால்வாசி திறந்துவிட்டது. கல்யாணம் காங்கேயத்தில்தான் நடந்தது. எங்கள் யூனிட் ஆட்களையெல்லாம் வேன் வைத்துக் கூட்டிப்போனோம். சம்பந்தியம்மா முகத்தில் சிவப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. பவுடர் இல்லாமல் வந்து மணமேடையில் நின்றார்.

ஆனால் அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் எதற்கு யார் சம்மதம் சொன்னாலும் ‘கண்ணக் காட்டிட்டாங்க’ என்றுதான் பேச்சு. புதுக் கார் வாங்குவதா? “அத்தை கண்ணக் காட்டிட்டாங்க” என்பார் மாப்பிள்ளை. என்னைக் கேட்காமலே பொங்கலுக்கு ஊட்டி போவதா? “அம்மா கண்ணக் காட்டிட்டாங்க” என்பாள் நிவேதா. நான் கத்துவேன். யாரும் கேட்கமாட்டார்கள்.

நிவேதாவுக்குப் பெண் பிறந்து ஒரு வயதாகப் போகிறது. போன மாதம் அந்தப் பேத்திக்குக் காதுகுத்து வைப்பது பற்றிப் பேச்சு. காங்கேயத்தில் மண்டபம் பார்த்தாகிவிட்டது, அம்மாயி கண்ணைக் காட்டிவிட்டார் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாப்பிள்ளை போட்டிருந்தார். நான் உடனே வீடியோ காலில் காங்கேயத்தைப் பிடித்தேன். எடுத்தது கந்தசாமி.

“முடியாதுங்க சம்பந்தி! இந்தத் தடவை திருப்பூர்லதான்!”

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். “போனக் கொஞ்சம் கிட்ட வெச்சுக் காட்டுங்க சம்பந்தியம்மா.”

காட்டினேன். திரையில் குனிந்து, நிதானமாக என் முகத்தை ஆராய்ந்தார். பிறகு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

“இந்தா தனம், ரெண்டு கண்ணும் நல்லாத் தொறந்துதான் இருக்குது. நெசமாலுமே முடியாதுங்கறாங்க. மண்டபத்துக்காரன்கிட்ட வேண்டாமுன்னு சொல்லிப்போடு!”